தவனமா, பசியா? திருகோணமலையில் ஓர் எட்டு வார வகுப்பு

திருகோணமலையில், உட்துறைமுக வீதியில் இருந்து சற்று உள்ளே தள்ளி, ஒரு கட்டடத்தின் மேல்மாடியில் சனிக்கிழமை மாலைகளில் நடக்கும் எட்டு வார வகுப்பொன்றைப் பற்றி இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். புகையையோ மதுவையோ வேறு போதைப்பொருளையோ விட்டவர்களுக்கும் விட நினைப்பவர்களுக்கும், உடலுக்குள் எழும் உணர்வுகளைக் கவனிக்கப் பழக்குவது அதன் நோக்கம். நடத்துபவர்களின் பெயரை வேண்டுமென்றே தவிர்த்திருக்கிறேன். சிறிய ஊர், பெயரைப் போட்டால், எந்தச் சனிக்கிழமை யார் அந்தப் படியில் ஏறினார் என்பதை மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் நின்றே கணக்கெடுத்துவிடுவார்கள். கட்டணம் 4,000 ரூபா. அதற்குள் ஒரு கைநூலும், எழுத ஒரு கொப்பியும், ஒவ்வொரு வாரமும் இஞ்சி போட்ட பிளேன்ரீயும் அடக்கம். கட்ட இயலாத இருவரிடம் கட்டணம் கேட்கவில்லை என்பதைப் பின்னர் அறிந்தேன்.

நான் அரச அலுவலகம் ஒன்றில் எழுதுவினைஞன். 22 ஆண்டுகள் புகைத்தேன். கடைசி எட்டு ஒன்பது ஆண்டுகளில், அலுவலகம் விட்டு வீடு போகும் வழியில் கால் போத்தல் சாராயமும் சேர்ந்துகொண்டது. கைநடுக்கம், விடிந்ததும் குடிப்பது என்ற நிலைக்குப் போகாததால் என்னைக் குடிகாரன் என்று நானும் சொல்லிக்கொள்ளவில்லை, அயலவரும் சொல்லவில்லை. மனைவி மட்டும் வேறு கருத்துக் கொண்டிருந்தார். வகுப்புக்குப் பணம் கட்டியவரும் அவரே.

வகுப்பின் மையப் பொருளுக்கு ‘இன்டரோசெப்ஷன்’ என்று பெயர். உடலின் உட்புறத்தில் இருந்து வரும் புலனறிவைக் குறிக்கும் இச்சொல்லின் வேர், பிரித்தானிய உடற்றொழிலியலாளர் சார்ள்ஸ் ஷெரிங்டன் 1906இல் வெளியிட்ட நூலில் இருக்கிறது. தமிழில் இதை ‘உள்ளுணர்வு’ என்று எழுதினால் வாசகர் வேறொன்றைப் புரிந்துகொள்வார். அந்தச் சொல்லைச் சோதிடரும் காதலரும் எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டார்கள். கைநூலில் ‘உள்ளுடல் உணர்வு’ என்று போட்டிருக்கிறார்கள். அதையே நானும் வைத்துக்கொள்கிறேன். பசி, தவனம், நெஞ்சு படபடப்பு, மூச்சு முட்டுதல், வயிற்றுப் பிசைவு, உடற்சூடு எல்லாம் இதில் சேரும். இச்செய்திகள் வேகஸ் நரம்பின் வழியாகவும் முண்ணாணின் வழியாகவும் மேலேறி, மூளையின் இரு பக்கங்களிலும் மடிப்புக்குள் ஒளிந்திருக்கும் இன்சுலா என்ற பகுதியை அடைகின்றன. வேகஸ் நரம்பின் இழைகளில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு உடலில் இருந்து மூளைக்குச் செய்தி கொண்டுபோகின்றன என்றும், மிகுதி மட்டுமே மேலிருந்து கட்டளை கொண்டுவருகின்றன என்றும் சொன்னபோது, வகுப்பில் இருந்த ஓட்டோக்காரர் ஒருவர், “அப்ப மேல இருக்கிறவருக்கு முறைப்பாடுதான் கூட வருது” என்றார். எங்கள் அலுவலகமும் அப்படித்தான்.

இரண்டாம் வாரத்தில் இதயத்துடிப்பை எண்ணச் சொன்னார்கள். 1981இல் ஜெர்மன் உளவியலாளர் ரைனர் ஷான்ட்ரி வெளியிட்ட முறை இது: நாடியைத் தொடாமல், கையை மார்பில் வைக்காமல், குறிப்பிட்ட சில வினாடிகளுக்குள் இதயம் எத்தனை முறை துடித்தது என்பதை உள்ளிருந்தே உணர்ந்து எண்ணவேண்டும்; கருவி எண்ணியதற்கும் நாம் எண்ணியதற்கும் உள்ள வேறுபாட்டைக் கொண்டு புள்ளி போடுவார்கள். விரல்நுனியில் மாட்டும் சிறிய நாடிக் கருவியைக் கொண்டு எங்களுக்கு 45 வினாடிகளுக்கு இதைச் செய்தார்கள். நான் 58 என்றேன். கருவி 61 என்றது. நூற்றுக்கு 95 புள்ளி. வகுப்பு என்னைத் திரும்பிப் பார்த்தது. எனக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்த திருக்கடலூர்க் கடற்றொழிலாளி ஒருவர் 20 என்றார். கருவி 66 காட்டியது. அவர் முகம் வாடிவிட்டது.

உண்மையை இங்கே சொல்லிவிடுகிறேன். நான் ஒரு துடிப்பைக்கூட உணரவில்லை. மாதாந்தக் கிளினிக்கில் என் நாடி 80 என்று எழுதுவது வழக்கம். 45 வினாடிக்கு 60 வரும், இரண்டைக் குறைத்துச் சொன்னால் இயல்பாக இருக்கும் என்று கணக்குப் போட்டேன். எழுதுவினைஞன் புத்தி. அந்த மீனவரோ தனக்கு உண்மையாகத் தெரிந்த இருபதை மட்டும் எண்ணிச் சொன்னார். இந்தச் சோதனையின் மேல் ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவரும் குறையும் இதுவே: ஊகித்துச் சொல்லவேண்டாம், உணர்ந்ததை மட்டும் சொல்லுங்கள் என்று கண்டிப்பாக அறிவுறுத்தினால் பெரும்பாலோரின் புள்ளி கணிசமாக இறங்கிவிடுகிறது. அப்படியிருக்க, இந்தப் புள்ளியை இரண்டாம் வாரத்திலும் கடைசி வாரத்திலும் எடுத்து ‘முன்னேற்றம்’ என்று அட்டையில் எழுதிக் கொடுப்பதை ஒழுங்கமைப்பாளர்கள் நிறுத்தவேண்டும். கடைசி வாரத்தில் நேர்மையாக எண்ணியதால் என் புள்ளி 40க்கு இறங்கியது. அட்டையின்படி நான் பின்னடைந்தவன்.

ஆனால் அந்தச் சோதனையைச் சுற்றி நடந்த கலந்துரையாடல் கட்டணத்தில் பாதிக்குப் பெறுமதியானது. உள்ளுடல் உணர்வு ஒரே சரக்கல்ல என்பதை 2015இல் சாரா கார்ஃபிங்கலும் அவருடைய சகாக்களும் பிரித்துக் காட்டினார்கள். உடலின் செய்தியைச் சரியாகப் பிடிப்பது ஒன்று; பிடிக்கிறேன் என்று நம்புவது இன்னொன்று; அந்த நம்பிக்கைக்கும் சரிக்கும் இடையே எவ்வளவு பொருத்தம் இருக்கிறது என்பது மூன்றாவது. மதுவில் சார்ந்திருப்பவர்களையும் மற்றவர்களையும் ஒப்பிட்டு 2019இல் போலந்து ஆய்வாளர்கள் வெளியிட்ட கட்டுரையில், சார்ந்திருப்பவர்கள் துடிப்பை எண்ணுவதில் பின்தங்கியிருந்தார்கள். ஆனால் தங்கள் உடலைத் தாங்கள் நன்கு கவனிப்பதாக அவர்களே மற்றவர்களைவிட அதிகம் சொன்னார்கள். இதைக் கேட்டதும் மண்டபத்தில் ஒரு சங்கடமான சிரிப்பு எழுந்தது. “என்ர அளவு எனக்குத் தெரியும்” என்ற வாக்கியத்தை அங்கே சொல்லாதவர் எவரும் இல்லை. எண்ணும் சோதனையின் குறை அந்த ஆய்வுக்கும் பொருந்தும் என்பதை நான் மறக்கவில்லை; இருந்தாலும் நம்பிக்கைக்கும் உண்மைக்கும் இடையிலான அந்த இடைவெளியை நான் தவறணை வாசலில் நின்று நேரில் கண்டவன்.

வகுப்பை நடத்துபவர் ஓய்வுபெற்ற தாதி ஒருவர். எல்லோரும் ‘மிஸ்’ என்றே அழைத்தார்கள். அவருடைய சிறந்த பாடம் மிக எளிமையானது. ‘ஆறுதலுக்காக’ ஒரு சிகரெட் பற்ற விரும்புகிறவர் கீழே போய்ப் பற்றிவிட்டு வரலாம் என்றார். போகுமுன்னும் வந்தபின்னும் நாடியை அளந்தார். எனக்கு 74 இல் இருந்து 88 ஆனது. நிக்கொட்டின் இதயத்தை விரைவுபடுத்தும் பொருள். அது உடலை அமைதிப்படுத்துவதில்லை. உடலில் அதன் அளவு ஏறக்குறைய இரண்டு மணித்தியாலத்தில் பாதியாகிவிடுகிறது. அந்த இறக்கத்தில் எரிச்சலும் அந்தரமும் எழுகின்றன. அடுத்த சிகரெட் அவற்றை அடக்குகிறது. அந்த அடக்கத்துக்கு நாம் ஆறுதல் என்று பெயர் வைத்திருக்கிறோம். முந்தைய சிகரெட் கொடுத்த கடனுக்கு வட்டி கட்டுவதை 22 ஆண்டுகள் நான் சம்பளம் என்று எண்ணியிருந்தேன்.

மூன்றாம் வாரத்தில் எனக்கும் மிஸ்ஸுக்கும் இடையே ஒரு சிக்கல் வந்தது. 2007இல் ‘சயன்ஸ்’ இதழில் நாசிர் நக்வி, ஹன்னா டமாசியோ, அன்ருவான் பெஷாரா ஆகியோர் பங்குகொண்டு வெளியிட்ட ஆய்வைத் திரையில் காட்டினார். மூளைப் பாதிப்புக்கு உள்ளான புகைப்பழக்கத்தினரில், இன்சுலா பாதிக்கப்பட்ட 19 பேரையும் வேறு பகுதிகள் பாதிக்கப்பட்ட 50 பேரையும் அவர்கள் ஒப்பிட்டார்கள். முதற் குழுவில் புகையை விட்ட 13 பேரில் 12 பேர் எந்தப் போராட்டமும் இன்றி, உடனடியாக, திரும்பத் தொடங்காமல், தவிப்பே இல்லாமல் விட்டிருந்தார்கள். மற்றக் குழுவில் விட்ட 19 பேரில் 4 பேருக்கே அப்படி நேர்ந்தது. “ஆகவே இன்சுலாதான் தவிப்பின் இருப்பிடம், அதனால்தான் அதைப் பயிற்றுகிறோம்” என்று அவர் முடித்தார்.

நான் கையை உயர்த்தினேன். “மிஸ், இன்சுலா பழுதானவைக்குத் தவிப்பு இல்லாமல் போச்சுது. நீங்கள் எங்கட இன்சுலாவைக் கூராக்கிறீங்கள். அப்ப எங்களுக்குத் தவிப்புக் கூடத்தானே வேணும்?”

அவர் சிறிது நேரம் பேசாமல் நின்றார். “கூடலாம்” என்றார். “வாசிச்சுப் போட்டு வாற கிழமை சொல்லுறன்.”

தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் ஆசிரியர்கள் எனக்கு அதிகம் வாய்த்ததில்லை. அடுத்த வாரம் அவர் கொண்டுவந்த பதிலே இந்த வகுப்பைப் பற்றி நான் சொல்ல வந்த விடயமும் ஆகும். உடலின் குரலைக் கூட்டுவதால் எவருக்கும் விடுதலை வருவதில்லை. கூட்டினால் சிலருக்குத் தவிப்பு இன்னும் உரக்கக் கேட்கும். மாற வேண்டியது, கேட்டதற்கு நாம் சொல்லும் பொருள். மார்ட்டின் போலஸ் என்ற மனநல ஆய்வாளர் நெடுங்காலமாக முன்வைத்துவரும் விளக்கம் இதற்கு உதவுகிறது: மூளை உடலின் நிலையை முன்கூட்டியே எதிர்பார்க்கிறது, எதிர்பார்த்த நிலைக்கும் உள்ள நிலைக்கும் இடையே வேறுபாடு வரும்போது ஏதோ குறைகிறது என்ற உணர்வு எழுகிறது, போதைக்குப் பழகியவர் அந்தக் குறையை நிரப்பத் தெரிந்த ஒரே வழிக்குப் போகிறார். குறை என்னவென்று அவர் விசாரிப்பதில்லை.

இதை நான் என் கொப்பியில் கண்டுபிடித்தேன். மாலை ஐந்தேகாலுக்குப் பஸ்ஸுக்கு நிற்கையில் சாராயத்துக்கான தவனம் வரும் என்பது எனக்கு நாட்காட்டியைப் போல உறுதியான விடயம். அந்த நேரத்தில் உடலில் என்ன இருக்கிறது என்பதைச் சாராயம் என்ற சொல்லே இல்லாமல் எழுதவேண்டும் என்பது நான்காம் வாரத்து வீட்டுவேலை. முதல் நாள் எழுதியது இது: ‘நெஞ்சுக்குழியில் ஓர் இழுவை. நாக்கின் அடியில் ஈரம் இல்லை. பிடரியில் சூடு. காதுக்குப் பின்னால் இலேசான இரைச்சல். விரல்கள் எதையோ பிடிக்கப் பார்க்கின்றன.’ கச்சான் காற்று அனலாக வீசிக்கொண்டிருந்த காலம் அது. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. 14 நாட்கள் எழுதினேன். மிஸ் கொப்பியைப் புரட்டிவிட்டு, மதியம் என்ன சாப்பிட்டீர்கள் என்று ஒரு நிரல் சேர்க்கச் சொன்னார். நினைவில் இருந்து நிரப்பினேன். இழுவை கடுமையாக இருந்தது என்று எழுதிய ஒன்பது நாட்களிலும் நான் மதியத்துக்கு ஒரு பணிசும் பிளேன்ரீயும் மட்டுமே எடுத்திருந்தேன். தண்ணீர் குடித்த நினைவே இல்லை. எட்டு ஒன்பது ஆண்டுகளாகப் பசியையும் தவனத்தையும் சாராயம் என்று வாசித்துவந்திருக்கிறேன். எல்லா நாளும் அப்படியல்ல. சோறு தின்ற நாட்களிலும் இழுவை வந்தது, அதற்கு வேறு காரணங்கள் இருந்தன, அவற்றை இங்கே எழுதப்போவதில்லை.

ஐந்தாம் வாரத்து அமர்வு ‘அலையேற்றம்’. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய அலன் மார்லட் என்ற உளவியலாளர் வழங்கிய உத்தி இது: தவிப்பை எதிர்த்து மல்லுக்கட்டாமலும் அதற்குப் பணியாமலும், அது எழுந்து உயர்ந்து தணிவதை அலையைப் போல இருந்து பார்ப்பது. பற்றவைக்காத ஒரு சிகரெட்டை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, யன்னல் வழியாகக் கடல் தெரிய உட்கார்ந்தோம். தவிப்பு எனக்கு நாவடியில் தொடங்கித் தொண்டையின் பின்புறத்துக்குப் போய், மேல்மார்பில் ஓர் இறுக்கமாக நின்று, பிறகு இரண்டு விரல்களுக்கு இடையே ஒரு நமநமப்பாக இறங்கியது. தொலைபேசியில் பார்த்தேன், ஏழு நிமிடம். நூற்றுக்கு முப்பது புள்ளி வாங்கிய மீனவ அண்ணன் இதில் எங்கள் எல்லோருக்கும் ஆசானாகிவிட்டார். “பெரிய அலைக்கு வள்ளத்தைக் குறுக்கால விட்டா புரட்டிப் போடும் தம்பி. அணியத்தை நேரா வைச்சா ஏறி இறங்கும். அலையை நிப்பாட்டுறது எங்கட வேலையில்லை.” கைநூலில் இரண்டு பக்கம் செலவழித்துச் சொன்னதை அவர் மூன்று வாக்கியத்தில் முடித்துவிட்டார்.

அதே மனிதர் சொன்ன இன்னொரு வார்த்தை, இந்த வகுப்பின் மேல் எனக்குள்ள பெரிய முறைப்பாட்டையும் சொல்லிவிடுகிறது. முதல் வாரத்தில் நிரப்பித் தந்த படிவத்தில் வயது, தொழில், முகவரி கேட்டிருந்தார்கள். கடைசியாக எப்போது குடித்தீர்கள் என்று கேட்கவில்லை. அன்று நடுவரிசையில் இருந்த ஒருவருக்கு வியர்த்துக் கொட்டியது. தேநீர்க் கோப்பை சாசருடன் சேர்ந்து கிடுகிடுத்தது. அந்த நடுக்கத்தை அப்படியே கவனியுங்கள் என்று அவருக்குச் சொன்னார்கள். மீனவ அண்ணன் எழுந்துபோய் அவரிடம் ஏதோ கேட்டார். முந்தினநாள் காலையில் இருந்து அவர் ஒரு துளியும் தொடவில்லை என்று தெரிந்தது. உடனே ஓட்டோவில் ஏற்றி வைத்தியசாலைக்குக் கொண்டுபோனார்கள். “வாடைக்குள்ள ஒருத்தரும் வள்ளம் இறக்கமாட்டம்” என்றார் அண்ணன், திரும்பி வந்து.

நாள்தோறும் அதிகமாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால், சில மணித்தியாலங்களுக்குள் நடுக்கமும் வியர்வையும் தொடங்கலாம். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் சித்தப்பிரமையோடு கூடிய ஆபத்தான நிலை தோன்றலாம். அது உயிரைக் கொல்லக்கூடிய மருத்துவ அவசரம். உட்கார்ந்து கவனிக்கும் அலையல்ல. இந்தப் பயிற்சி முறைக்கு ஆதாரமாக மிஸ்ஸே காட்டிய 2014ஆம் ஆண்டு ஆய்விலும் இது தெளிவாக இருக்கிறது: சாரா போவனும் மற்றவர்களும் 286 பேரை மூன்று குழுக்களாகப் பிரித்துப் பார்த்தபோது, ஓராண்டு முடிவில் கவனப்பயிற்சிக் குழுவினர் போதைப்பொருளை நாடிய நாட்கள் மற்ற இரு குழுக்களையும்விடக் குறைவாக இருந்தன, ஆனால் அந்த 286 பேரும் ஆரம்பச் சிகிச்சையை ஏற்கெனவே முடித்திருந்தவர்கள். அந்த நிபந்தனை எங்கள் படிவத்தில் விடுபட்டிருந்தது. இரண்டாம் வாரத்தில் மிஸ் எல்லோர் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்டு, புதிய படிவம் தந்தார் என்பதையும் நியாயத்துக்காகப் பதிவுசெய்கிறேன். நாள்தோறும் குடிப்பவர்கள் வகுப்புக்கு முன் அரச வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குப் போகவேண்டும். வழி தெரியாதவர்கள் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்துக் கேட்கலாம்.

கண்மூடிச் செய்யும் பயிற்சிகளில் மிஸ் காட்டிய நிதானத்தையும் சொல்லவேண்டும். 2004 டிசம்பர் 26ஐக் கடந்துவந்த கரை இது. அதற்கு முன்னும் பின்னும் போர். கண்ணை மூடி நெஞ்சைக் கவனி என்றால், சிலருக்கு நெஞ்சில் இருந்து வருவது நெஞ்சுத்துடிப்பு மட்டுமல்ல. அலைச்சத்தம் கேட்கும் மண்டபத்தில் கண்மூட முடியாத ஒருவர் இருந்தார். அவரைக் கண் திறந்தபடி, உள்ளங்கால் தரையில் படுவதை மட்டும் பார்க்கச் சொன்னார்; காரணம் கேட்கவில்லை, மற்றவர்கள் கேட்கவும் விடவில்லை. ஐஸ் என்ற போதைப்பொருள் பழக்கத்தில் இருந்து மீண்டுகொண்டிருந்த கிண்ணியா இளைஞர் ஒருவருக்கு, துடிப்பைக் கவனிப்பதே பதற்றத்தைக் கூட்டியது. அவருக்கு மூச்சும் நடையும் மட்டும் கொடுத்தார்கள். அவர் ஆறாம் வாரத்தோடு நின்றுவிட்டார். ஏன் என்று எனக்குத் தெரியாது.

இடவசதி சுமார். பிளாஸ்டிக் கதிரைகள், ஒரு மின்விசிறி சுற்றும்போது அடிக்கும் சத்தத்தில் தம் துடிப்பை எண்ணுவதா விசிறியை எண்ணுவதா என்று ஓட்டோக்காரர் கேட்டது நியாயமே. படி செங்குத்து, முழங்கால் நோவுள்ளவர்களுக்குச் சிரமம். பெண்களுக்கென்று அமர்வு இல்லை, வீட்டாரைச் சேர்த்து ஒரு நாளும் இல்லை. என் மனைவி வந்திருந்தால் மதிய உணவு நிரலை முதல் வாரத்திலேயே சேர்த்திருப்பார். கைநூலின் தமிழ் நல்ல தமிழ். ஆனால் எழுத்து மிகச் சிறியது.

வகுப்பு முடிந்து ஐந்து மாதம் ஆகிறது. சிகரெட் இல்லை. சாராயம் இரண்டு முறை, இரண்டும் கலியாண வீடுகளில். இரண்டு தடவையும் குடிக்குமுன் உடலில் என்ன இருந்தது என்று எழுதியிருக்கிறேன், எழுதிவிட்டுத்தான் குடித்தேன். ஐந்து நட்சத்திரத்தில் மூன்றரை கொடுப்பேன். அட்டையில் துடிப்புப் புள்ளி போடுவதை நிறுத்தினால் நான்கு. அடுத்த தொகுதி தை மாதத்தில் தொடங்கும் என்கிறார்கள். மாலை ஐந்தரைக்கு ஆரம்பம். போகிறவர்கள் மதியம் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, ஒரு போத்தல் தண்ணீரும் கொண்டுபோகவும்.